வழியனுப்பிய பிறகும் போகாதவள்

பிஷ்கெக்
12 ஏப்ரல் 2001

அன்புத் தம்பி நஸ்ரிக்கு,

அக்கா ஷரோஃபத் எழுதுவது. நீயும் குல்சிஃபத்தும் பிள்ளைகளும் சுகந்தானே? உன் இடுப்பு வலி, மேல்வீட்டுக்காரரின் நாய், குல்சிஃபத்தின் கோபம் எல்லாம் ஒரு கட்டுக்குள் இருக்கின்றனவா? எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். முழங்காலுக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

உட்கார்ந்துகொண்டு படி. நான் ஊருக்கு வருகிறேன். விருந்தாளியாக இல்லை, மூட்டை முடிச்சோடு, ஒரேயடியாக. செப்டம்பர் முதல் வாரம்.

சண்டைக் காலத்தில் என் வீட்டுச் சாவியை உன் கையில் திணித்துவிட்டு லாரி ஏறியவள், ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு குளிர்கோட்டோடு வந்தேன். அந்தக் கோட்டுக்கே இப்போது மூன்றாவது உள்துணி தைத்தாயிற்று. துஷான்பே அடங்கி நாலு வருஷமாகிறது. நீயும் ‘எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், உங்கள் வீடுதானே’ என்று எழுதிக்கொண்டே இருக்கிறாய். இனியும் வராவிட்டால் எனக்குத்தான் மரியாதை இல்லை.

ஓபரா அரங்கில் கோட்டு வாங்கி மாட்டும் வேலையை விடுவதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். கோட்டை முகர்ந்தே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லிவிடும் என் திறமை துஷான்பே வெயிலில் வீணாகப் போகும். ஆனால் இந்த வேனிற்காலம் முழுவதையும் என் சிநேகிதிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எம்மாவையும் கனிஷாயையும் உனக்குத் தெரியும், பாதிக் கடிதத்தை அவர்கள்தானே அடைத்துக்கொள்கிறார்கள். பாலே பள்ளியில் பியானோ வாசிக்கும் ஜெர்மன்காரி எம்மா. டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்து உலகத்தையே திட்டும் கிர்கிஸ்காரி கனிஷாய். எம்மாவும் அக்டோபரில் ஜெர்மனியிலிருக்கும் மகனிடம் போகிறாள்.

“நான்தான் முதல்ல போவேன். ரெண்டாவதா போறவளுக்கு அழறதுக்கு ஆள் கொறஞ்சிடும்” என்றேன்.

கனிஷாய் முறைத்தாள். “ரெண்டு பேரும் போயிடுவீங்க. எனக்கு அழ யாருடி இருக்கா?” என்றாள். பிறகு ஒரு தட்டு அப்பத்தை அவளே தின்று தீர்த்தாள்.

எனக்கு என் பழைய அறைகூட முழுசாக வேண்டாம். உன் சின்னவளை என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வேன். குறட்டை அவளுக்குப் பழகிவிடும்.

எல்லாருக்கும் என் ஸலாம். பக்கத்து வீட்டாருக்கும், அவர்கள் வாங்கிப்போய்த் திருப்பித் தராத என் இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்கும்.

உன் அக்கா
ஷரோஃபத்

*

துஷான்பே
9 மே 2001

என் தாய்க்குச் சமமான அக்காவுக்கு,

நஸ்ரி பணிவோடு எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் நாங்கள் யாவரும் நலம். தங்கள் நலனை அறிய ஆவல். முழங்காலுக்குக் கம்பளித் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று குல்சிஃபத் சொல்லச் சொன்னாள்.

தாங்கள் வருவது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். இது உங்கள் வீடு. குர்கோன்தெப்பாவில் எங்கள் வீடு எரிந்த அன்று உங்கள் சாவி மட்டும் என் சட்டைப் பையில் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் எங்கே போயிருப்போம் என்று நினைக்காத நாளில்லை.

சுஹ்ரோப் கட்டட வேலைக்குப் போகிறான். என்னைவிட ஒரு சாண் உயரம். சின்னவளுக்குப் பல் விழுந்திருக்கிறது.

ஒன்று மட்டும். செப்டம்பரில் இன்னும் வெயில் தணிந்திருக்காது. உங்களுக்குக் குளிர் ஊர் பழகிவிட்டது. நிதானமாகப் புறப்படுங்கள். சிநேகிதிகளோடு சந்தோஷமாக இருங்கள்.

என்றும் தங்கள் அன்புத் தம்பி
நஸ்ரி

*

பிஷ்கெக்
3 ஜூன் 2001

அன்பு நஸ்ரிக்கு,

உன் சுகம், வீட்டார் சுகம், சின்னவளின் பல் சுகம் எல்லாம் விசாரித்தேன் என்று வைத்துக்கொள். விஷயத்துக்கு வருகிறேன். கை பரபரக்கிறது.

வெயிலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா? உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஜூலை மாதத்தில் ரொட்டிக்கு வரிசையில் நின்றவள்டா நான். செப்டம்பர் என்றால் செப்டம்பர்தான்.

இங்கே நாங்கள் மூன்று பேரும் கெட்டுப்போய்விட்டோம். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருந்தும், உள்ளூர்க்காரி என்ற திமிரில் செய்யாமல் விட்டதையெல்லாம் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். டிராலி பஸ்ஸில் முதல் நிறுத்தத்தில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அதே பஸ்ஸில் திரும்புகிறோம். வியாழக்கிழமை நீராவிக் குளியல். கனிஷாய் இலைக்கட்டால் என் முதுகில் அடிக்கிற அடியில், இவளுக்கு நான் என்ன துரோகம் செய்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. குளித்து முடித்ததும் தெருமுனைப் பீப்பாயில் ஆளுக்கு ஒரு குவளை உப்பு மோர். உதட்டில் வெள்ளை மீசையோடு பூங்காவில் உட்கார்ந்து, சதுரங்கம் ஆடும் கிழவர்களுக்குத் தப்புத் தப்பாக யோசனை சொல்கிறோம்.

போன ஞாயிறு ராட்டினம் ஏறினோம். மூன்று பேருக்கும் சேர்த்து நூற்றைம்பது வயதுக்கு மேல். நாங்கள் உச்சிக்குப் போனதும் மின்சாரம் போய்விட்டது. கனிஷாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அல்லா, நான் டிக்கெட் கூண்டுல பேசினதெல்லாம் வாபஸ். எறக்கி விட்டுடு!”

எம்மா சாவதானமாகச் சொன்னாள்: “சும்மா இரு கனிஷாய். இந்த உயரத்துல நம்ம மூணு பேரும் ஒண்ணா இனிமே எப்ப உக்காருவோம்?”

மலை முழுக்கப் பனி. கீழே எங்கள் அரங்கின் கூரை தீப்பெட்டி மாதிரி. நான் மூக்கைச் சிந்தினேன். காற்றுதான் காரணம், வேறொன்றுமில்லை.

சுஹ்ரோப் உன்னைவிட ஒரு சாண் உயரம் என்றால் பெண் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் வந்து சேருமுன் எதையும் முடித்துவிடாதே. கல்யாணத்தில் மணமகளை மறைத்துத் திரை பிடிக்க வேண்டியது மாப்பிள்ளையின் அத்தை. நம் வீட்டில் வேறு கை பிடித்ததில்லை. திரைத்துணியில் மாதுளம்பூ போட ஆரம்பித்துவிட்டேன். பாதி பூ முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறது. மணமகள் பதற்றத்தில் கவனிக்க மாட்டாள்.

குல்சிஃபத்துக்கு என் முத்தம். உனக்கு ஒரு குட்டு.

அக்கா

*

துஷான்பே
20 ஜூலை 2001

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலம். தங்கள் நலனுக்கு வேண்டுகிறோம். ராட்டினத்தில் இனி ஏற வேண்டாம்.

மேல்வீட்டுக் குளியலறை ஒழுகி உங்கள் அறையின் கூரை ஊறிவிட்டது. காரை பெயர்ந்து விழுகிறது. கொத்தனார் கிடைக்கவில்லை. செப்டம்பருக்குள் முடியாது. அக்டோபர், அல்லது அதற்குக் கொஞ்சம் பிறகு வந்தால் சௌகரியமாக இருக்கும். எழுதுவதற்குச் சங்கடமாக இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

குல்சிஃபத் ஸலாம் சொல்கிறாள். பிள்ளைகளும்.

நஸ்ரி

*

பிஷ்கெக்
16 ஆகஸ்ட் 2001

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நான் நலம். ஆனால் என் நிலைமையைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று நீயே முடிவு செய்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. எனக்கு வழியனுப்பு விருந்து நடந்தது அதற்கு முந்தின சனிக்கிழமை.

அரங்கத்து ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கனிஷாய் ஆடு வெட்டினாள். எம்மா வாசித்தாள். சோககீதம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அவள் போல்கா வாசித்தே எல்லாரையும் அழவைத்துவிட்டாள். அந்த உற்சாகத்தில் நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். பயணம் போகிறவள் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவதும், அவள் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னும்வரை அதைச் சுவரில் மாட்டி வைப்பதும் நம் வழக்கம் என்று எல்லாருக்கும் விளக்கினேன். விளக்கியதோடு நிற்காமல் கடித்தும் காட்டினேன். வாசற்படி தாண்டும் காலையில் கடிக்க வேண்டியதை, மூன்று வாரம் முன்னாலேயே கடித்தாயிற்று! கனிஷாய் அந்த ரொட்டியைத் தன் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டாள்.

இப்போது அந்த ரொட்டிக்குக் கீழேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். என் அறையை வீட்டுக்காரி ஒரு மாணவிக்கு விட்டுவிட்டாள். கோட்டு மாட்டும் கொக்கிகளையெல்லாம் வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டேன். நேற்றுக் கடைத்தெருவில், விருந்தில், மறுநாளே போகிறேன் என்று நினைத்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பிய ஒப்பனைக்காரியைப் பார்த்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“நீ... போகலையா?”

“போயிட்டேன். இது என் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கனிஷாய் தலையில் அடித்துக்கொள்கிறாள். “ரொட்டியக் கடிச்சவ தெருவுல திரியக் கூடாதுடி! இன்னொரு தடவ அழச் சொன்னா ஜனங்க எங்க போவாங்க?”

அதனால், நஸ்ரி, கூரை ஒழுகினால் ஒழுகட்டும். குடை பிடித்துக்கொண்டு படுக்கிறேன். சமையலறை மூலையில் ஒரு மெத்தை போதும். அக்டோபர் முதல் தேதி வரட்டுமா? தேதியை மட்டும் எழுது.

சுஹ்ரோபுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லையே?

ரொட்டி கடித்த அக்கா
ஷரோஃபத்

*

பிஷ்கெக்
10 அக்டோபர் 2001

அன்பு நஸ்ரிக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரருக்குக் காலில் கட்டி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

எம்மா போய்விட்டாள். விமான நிலையத்தில் அழுவதற்கு நானும் இருந்தேன். கணக்குப்படி நான் இருந்திருக்கக் கூடாது. “பாரு, எனக்கு அழ ஆள் கொறையல” என்று சிரித்தாள். கையுறையைக் கழற்றி என் கன்னத்தைத் தொட்டாள். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பியானோக்காரிகளுக்கு முதுகு நேராக இருக்கும், அது பழக்கம்.

நான் கனிஷாயின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறேன். ராஜபோகம். காலையில் அவளே என்னைத் திட்டி எழுப்பிவிடுகிறாள், கடிகாரம் தேவையில்லை.

ஒரு வரி எழுது. கோபமாக எழுதினாலும் சரி.

அக்கா

*

துஷான்பே
25 அக்டோபர் 2001

அக்காவுக்கு,

நலம். லாரி ஓட்டும் மிர்ஸோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு சாக்கு உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் எலுமிச்சையும்.

குளிர்காலத்தில் இங்கே மின்சாரம் இரண்டு மணி நேரந்தான். உங்கள் முழங்காலுக்கு ஆகாது. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மன்னிக்க வேண்டும்.

நஸ்ரி

*

பிஷ்கெக்
6 நவம்பர் 2001

எம்மா, என் கண்ணே,

புது ஊர் எப்படி? மகன் பேசுகிறானா, மருமகள் சிரிக்கிறாளா, உன் ரத்த அழுத்தம் யார் பேச்சைக் கேட்கிறது? நான் நலம் என்று எழுதிவிட்டு, மற்றதையும் எழுதுகிறேன். தம்பிக்கு எழுத முடியாது. கனிஷாயிடம் சொன்னால் கத்தியை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவாள்.

எங்கள் ஊர் லாரிக்காரன் மிர்ஸோ வந்திருந்தான். நல்ல பையன். வாய்க்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. பழச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு விசாரித்தான்:

“இப்ப ஒடம்பு தேவலையா அக்கா?”

“எனக்கென்னப்பா?”

“கல்யாணத்துக்கு வர முடியாத அளவுக்குப் படுத்த படுக்கையா இருக்கீங்கன்னு உங்க தம்பி சொன்னாரே. சுஹ்ரோப் கல்யாணப் புலாவ் இருக்கே, அடடா, இன்னும் நாக்குல நிக்குது!”

“தேவலைப்பா” என்றேன். “திரை யாரு புடிச்சா?”

“பக்கத்து வீட்டம்மா.”

“பொண்ணும் மாப்பிள்ளையும் எங்க இருக்காங்க?”

“உங்க வீட்லதான். உங்க பழைய ரூமுக்குப் புதுசா வெள்ளையடிச்சு, பட்டு மெத்தையெல்லாம் போட்டு, பாக்கறதுக்கு ஜம்முனு இருக்கு அக்கா.”

செப்டம்பர் முதல் வாரமாம். நான் போவதாகச் சொன்ன அதே வாரம்.

கூரை ஒழுகவே இல்லை, எம்மா. இரண்டே அறை. ஒன்றில் தம்பியும் மனைவியும் இரண்டு பெண்களும். மற்றதில் புதுத் தம்பதி. அவன் வீடு எரிந்து சாம்பலாகிவிட்டது, வேறு எங்கேதான் போவான்? என்னை ‘வராதே’ என்று சொல்ல அவனுக்கு வாயில்லை, ‘வா’ என்று சொல்ல இடமில்லை. அதனால் என்னைப் படுத்த படுக்கையாக்கிவிட்டான். எனக்கு என்ன நோய் கொடுத்தான் என்று மிர்ஸோவிடம் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. கௌரவமான நோயாக இருந்தால் சரி.

நான்கு வயசில் தாயில்லாமல் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன். பொய் சொல்லும்போது அப்போதும் இப்படித்தான், வார்த்தை குறைந்துகொண்டே வரும்.

கனிஷாய் டிசம்பரில் தலாஸில் இருக்கும் மகளிடம் போகிறாள், அங்கே இரட்டைக் குழந்தை. இந்த வீட்டை விற்கிறாள். நான் புறப்படப்போகிறேன் என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

எழுது. பெரிய எழுத்தில் எழுது, என் கண்ணாடி உடைந்துவிட்டது.

உன் ஷரோஃபத்

*

பீலெஃபெல்ட்
30 நவம்பர் 2001

அடி ஷரோஃபத்,

நலம் விசாரிக்கும் பொறுமை எனக்கு இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தெருவுக்குப் போய் நாலு சுற்று நடந்து வந்தேன்.

அது உன் வீடு. உன் பெயரில் இருக்கிறது. நீ ஒன்றும் பிச்சை கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டு. உன்னைப் பார்த்ததும் அவன் அழுவான். அழட்டும்! பிறகு இடம் தானாகக் கிடைக்கும். ஆறு பேர் படுக்கிற இடத்தில் ஏழு பேர் படுக்கலாம். நாம் மூன்று பேர் கனிஷாயின் ஒற்றைக் கட்டிலில் படுத்து நாடகத்துக் கதாநாயகிகளைத் திட்டவில்லையா?

நீ போகாவிட்டால் அவன் ஒரு நாளும் உன்னிடம் உண்மையைச் சொல்ல மாட்டான். சொல்லாத உண்மை நாறிப்போகும். இது உனக்குத் தெரியும், நீதான் எனக்குச் சொன்னாய்.

இங்கே எனக்கு எல்லாம் இருக்கிறது. பகல் ஓய்வு நேரத்தில் பியானோ வாசிக்கக் கூடாதாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மேஜைமேல் வாசிக்கிறேன். மேஜைக்கும் காது வலிக்கலாம், இன்னும் புகார் வரவில்லை.

போ. என் பேச்சை ஒரு தடவையாவது கேள்.

எம்மா

*

துஷான்பே
5 ஜனவரி 2002

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் நலம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடிதத்தில் வரவில்லை. நீங்கள் வந்தால் நேரில் சொல்கிறேன். பனி உருகியதும் வந்துவிடுங்கள்.

நஸ்ரி

அக்காவுக்கு, குல்சிஃபத் எழுதுவது. இவர் கடையில் உறை வாங்கப் போயிருக்கிறார். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சுஹ்ரோபுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் வீட்டார் அவசரப்படுத்தினார்கள், தனி அறை கேட்டார்கள். உங்கள் அறையைக் கொடுத்தோம். மருமகள் இப்போது உண்டாகியிருக்கிறாள். நீங்கள் வந்தால் எங்கள் அறையில் பிள்ளைகளோடு படுங்கள், நாங்கள் இருவரும் சமையலறையில் படுத்துக்கொள்கிறோம். எனக்கு அதில் குறையில்லை, சத்தியமாக. ஆனால் நீங்கள் படியேறி வரும்போது இவர் எந்த முகத்தோடு கதவைத் திறப்பார் என்றுதான் தெரியவில்லை. உங்களைத் திட்ட அனுமதிக்கிறேன். ஆனால் என்னைத் திட்டுங்கள்.

*

பிஷ்கெக்
28 ஜனவரி 2002

எம்மா, என் கண்ணே,

உடம்பைப் பார்த்துக்கொள். மேஜையையும் பார்த்துக்கொள்.

கனிஷாய் போன மாதமே போய்விட்டாள். நானும் மறுநாளே ஊருக்குப் புறப்படுவதாகச் சொல்லி அவளை பஸ் ஏற்றினேன். இல்லாவிட்டால் அவள் இறங்கியிருப்பாள். போகிற அவசரத்திலும் சுவரிலிருந்து அந்த ரொட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். “யாருடி இதப் பாத்துக்குவா? நீ போய்ச் சேந்ததும் யார் வீட்லயாவது மாட்டிடு” என்றாள்.

அரங்கத்தில் படிக்கட்டு துடைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. கொக்கிகள் மேலே, நான் கீழே. கிடங்கில் பழைய நாடக உடைகளுக்கு நடுவே ஒரு கட்டில் போட்டுக்கொள்ள மேலாளர் விட்டிருக்கிறார். ராணியின் வெல்வெட் அங்கியைத்தான் போர்த்திக்கொள்கிறேன். கனமானது, அந்துப்பூச்சி வாசனை, ஆனால் அரசாங்கக் கம்பளியைவிட எவ்வளவோ தேவலை. ராணிகளுக்கும் குளிர் உண்டு போலிருக்கிறது.

நேற்று அந்த ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றுவிட்டேன். திரும்பி வந்தவள்தான் தின்ன வேண்டும் என்பது முறை. நான் போகாமலே திரும்பி வந்தவள். கல் மாதிரி இருந்தது. ஒரு பல் ஆடுகிறது.

குல்சிஃபத் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். நீ சொன்ன மாதிரி, போய்த் தட்டினால் கதவு திறக்கும். திறந்தபின் என் தம்பி ஆயுசு பூராவும் தன் பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து சாப்பிடுவான். அவன் தலை குனியக் கூடாது என்றுதானே அவனுக்கு எல்லாம் செய்தேன். உன் பேச்சை இந்தத் தடவையும் கேட்கவில்லை. திட்டு. திட்டு வருகிற அன்றைக்கு எனக்குத் தபாலாவது இருக்கும்.

அவனுக்கும் இன்றே எழுதுகிறேன். அங்கே இதையெல்லாம் எழுதப்போவதில்லை. நீயும் எழுதாதே.

உன் ஷரோஃபத்

*

பிஷ்கெக்
28 ஜனவரி 2002

என் செல்லத் தம்பி நஸ்ரிக்கும், என் குல்சிஃபத்துக்கும்,

நீங்கள் எல்லாரும் நலமா? வீட்டில் பெரியவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டதால் இனி ஒவ்வொருவராகத்தான் விசாரிக்க வேண்டும். சுஹ்ரோப் நலமா? மருமகள் நலமா? வாந்தி நின்றதா? புளிப்பு கேட்டால் கொடு, உப்பு கேட்டால் கொடுக்காதே.

கல்யாணம் ஆயிற்று என்று தெரிந்ததும் நான் ஆடினேன். முழங்கால்தான் கோபித்துக்கொண்டது. இதைச் சொல்லவா நஸ்ரி நீ இத்தனை காகிதம் கிழித்தாய்? காகிதம் என்ன விலை விற்கிறது என்று யோசித்தாயா? பையனுக்கு வயசு வந்தது, பெண் அமைந்தது, முடித்தாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

யாரும் சமையலறையில் படுக்க வேண்டாம். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நானும்தான் மாதக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தேன்: நான் வரவில்லை. இவர்கள் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். கனிஷாயிடம் ஊர்ப் பேச்சை எடுத்தாலே போதும், ஒப்பாரிதான். அரங்கத்திலும் ‘ஷரோஃபத் இல்லாமல் ஆகாது’ என்று திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்கென்று அங்கேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். ராணி மாதிரி இருக்கிறேன், வெல்வெட்டைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறேன் என்றால் நம்புவாயா? வியாழக்கிழமை குளியல், ஞாயிற்றுக்கிழமை பூங்கா. வீடு நிறைய ஆட்கள். சத்தத்தில் இந்தக் கடிதத்தையே மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். இத்தனை பேரை விட்டுவிட்டு எப்படியப்பா வருவது? நீதான் என்னை மன்னிக்க வேண்டும். வருகிறேன் வருகிறேன் என்று உன்னை ஒரு வருஷம் அலைக்கழித்துவிட்டேன்.

மிர்ஸோவிடம் மாதுளம்பூ போட்ட துணியைக் கொடுத்தனுப்புகிறேன். திரைக்குத்தான் உதவவில்லை, தொட்டிலுக்கு மூடாப்பு ஆகட்டும். முட்டைக்கோஸ்களைக் குழந்தை ஒன்றும் சொல்லாது.

தொட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. அதை ஜன்னல் ஓரமாகப் போட வேண்டாம் என்று மருமகளிடம் சொல். சட்டத்தில் ஒரு விரற்கடை இடுக்கு உண்டு, என்ன அடைத்தாலும் காற்று நேராகத் தலைமாட்டுக்கு வரும். கதவுக்கு வலப்பக்கம் உள்ள சுவர்தான் நல்லது. பக்கத்து வீட்டு அடுப்பு அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும், விடியும்வரை கதகதப்பாக இருக்கும். நான் எப்போதும் அந்தச் சுவரோரம்தான் படுப்பேன்.

அக்கா
ஷரோஃபத்